விமானத்துக்குள் நான் வைத்த இறால் வலை

ரிஸ்வி, ஹஸ்னா,

கராஜை உங்கள் இருவரின் கையிலும் கொடுத்துவிட்டு நான் வீட்டில் இருப்பது பெயருக்குத்தான். காலை எட்டு மணியானால் கை தானாகச் சாவியைத் தேடுகிறது. வாசலுக்கும் குசினிக்குமாக நடக்கிறேன். “ஒரு நிமிஷம் கதிரையில குந்துங்களே, அதில என்ன முள்ளா ஈக்கி?” என்று உங்கள் உம்மா ஏசுகிறாள். குந்த முடியவில்லை. அதனால்தான் எழுதலாம் என்று இந்தக் கொப்பியை எடுத்தேன்.

தில்லையடியில் என்னைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. “ரேடியேட்டர் நானா பிளேனுக்கே ஒயில் கூலர் பூட்டின ஆள்” என்று தேநீர்க் கடையில் சொல்வார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். ரிஸ்வி அதைப் பெருமையாகத் திருப்பிச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அந்தக் கதையில் பாதிதான் உண்மை. மற்றப் பாதியை நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஒரு விஷயத்தை உங்கள் உம்மாவுக்கும் சொன்னதில்லை. நீங்கள் இனி மற்றவர்களின் வாகனத்தில் கை வைக்கப் போகிறவர்கள். அதனால் உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

மாம்புரியில் சேவியர் என்று ஒருவர் இருக்கிறார். கத்தாரில் விமானங்களைத் திருத்தும் கொட்டகையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தவர். வந்தவர் மற்றவர்களைப் போல வீட்டுக்கு மேல்மாடி கட்டவில்லை. கொப்பரா காய வைக்கும் மடுவத்துக்குள் இரண்டு பேர் போகக்கூடிய ஒரு சின்ன விமானத்தைக் கட்டத் தொடங்கினார். அதற்கு எஞ்சின், நம் ஆட்கள் ‘இப்பா’ என்று சொல்லும் ஆமை முதுகுப் பழைய காருடையது. அந்த எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது. காற்றும் ஒயிலும்தான் சூட்டைக் குறைக்க வேண்டும். காரில் இருந்த ஒயில் கூலர் போதாது, விமானத்தில் எஞ்சின் முழுப் பலத்தோடு கனநேரம் ஓடும். அதற்குத்தான் என்னைத் தேடி வந்தார்.

முதல் நாள் ஒரு லொறியின் கூலரைக் கொண்டுபோனேன். பெரிதாக இருந்தால் நல்லது என்பது நம் தொழிலில் உள்ள ஒரு சோம்பல். சேவியர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

“நானா, இது லொறி இல்ல. நீங்க வைக்கிற ஒவ்வொரு கிலோவையும் நான்தான் மேல தூக்கணும்.”

“அப்ப முதல்ல நீங்க ஒரு பத்துக் கிலோ குறைங்களே சேவியர்” என்றேன், அவருடைய வயிற்றைப் பார்த்து.

அவர் மனைவி மெர்லின் மடுவத்து வாசலில் நின்று சிரித்த சிரிப்பு ரோட்டுக்குக் கேட்டிருக்கும். “நானா, அதை ஒரு தாளில எழுதித் தாங்க. குசினியில ஒட்டணும்.”

அடுத்ததாக மீன்பிடி வள்ளத்தின் கூலரைக் காட்டினேன். “இதுக்குக் கடல் தண்ணி ஓடணும். மேல கடல் இல்லையே நானா” என்றார். மூன்றாவது, ஒரு காரின் கியர்பொக்ஸ் கூலர். அளவு சரி, பாரம் சரி. ஆனால் அதன் குழாய் ஒடுக்கம். காலைக் குளிரில் ஒயில் தடிப்பாக இருக்கும்போது அதற்குள் நுழைய மாட்டாது. கடைசியில் அலுமினியத் தட்டுகளை அடுக்கிச் செய்த ஒன்றை அவர் வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தார். இரண்டு உள்ளங்கையையும் விரித்தால் அதற்குள் அடங்கும். அதற்கு மேல் பெரிதாக்கினால் ஒயில் சூடாகாமலே சுற்றும், சூடாகாத ஒயிலில் ஈரம் தங்கும், எஞ்சின் உள்ளே கறள் பிடிக்கும் என்று விளங்கப்படுத்தினார். சூட்டைக் குறைப்பதை மட்டும் தொழிலாகச் செய்த எனக்கு அது புதுக்கதை.

பூட்டும் வேலை என்னுடையது. விமானத்தின் மூக்கில் ஒரு வாய். அதிலிருந்து கூலர் வரை காற்று வர அலுமினியத் தகட்டில் ஒரு கூடு செய்தேன். எஞ்சின் ஒருவிதமாக ஆடும், விமானத்தின் உடம்பு வேறுவிதமாக ஆடும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து கூலரை இறுக்கினால் ஒருநாள் அது கிழியும். அதனால் உடம்புப் பக்கத்தில் மட்டும் ரப்பர் வைத்துத் தொங்கவிட்டேன். ஒயில் குழாய்களுக்கு ஆட இடம் விட்டேன். சேவியர் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, “கத்தார்ல இதைச் செய்ய மூண்டு பேர் கையெழுத்து வைப்பாங்க நானா” என்றார். அன்று நான் தில்லையடிக்கு வந்து சேரும்வரை மோட்டார் சைக்கிளில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இனித்தான் மற்றப் பாதி.

நம் கராஜில் ஒரு வழக்கம் இருந்தது உங்களுக்குத் தெரியும். கற்பிட்டி, கரைத்தீவுப் பக்கத்து ட்ரக்டர் எது வந்தாலும், வேலை முடிந்து போகும்போது ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு துண்டு இறால் வலை வைத்து இறுக்கிவிடுவோம். இறால் பண்ணைகளில் கழித்துப் போடும் அந்தப் பச்சை வலைதான். அந்தப் பக்கத்து மணலும் சவுக்கு இலையும் வைக்கோலும் ரேடியேட்டருக்குள் போகாமல் அது பிடித்துக்கொள்ளும். அதற்குக் காசு வாங்குவதில்லை, சொல்வதும் இல்லை. சொன்னால் பெருமைக்குச் சொல்வது போல இருக்கும் என்று ஒரு கூச்சம். கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பது போலத்தான் அதை நினைத்தேன்.

விமானத்தின் கூட்டையும் மூடி இறுக்குமுன், என் கை அதே வலையில் ஒரு துண்டை வெட்டி கூலரின் முகத்தில் வைத்தது. என் கை என்று சொல்கிறேன், ஏனென்றால் தலை அதில் வேலை செய்யவே இல்லை. சேவியர் அப்போது சாப்பிடப் போயிருந்தார். மறைக்க வேண்டும் என்று செய்யவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

சேவியர் சில தடவை எஞ்சினை ஓட்டி, கரையோரத்தில் தான் வெட்டியிருந்த ஓடுபாதையில் விமானத்தை உருட்டியும் பார்த்தார். பிறகு கொழும்பிலிருந்து விமானப் பரிசோதகர் வந்தார். நல்ல பொறுமையான மனிதர். விமானத்தின் வரைபடத்தை விரித்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூட்டின் உட்பக்கம் வெளியிலிருந்து தெரியாது. என்னிடம் கேட்டார்: “படத்தில உள்ளபடிதானே? கூட ஏதாவது சேர்த்திருக்கிறீங்களா?”

“இல்ல சேர். எல்லாம் படத்தில உள்ளபடிதான்” என்றேன்.

பிள்ளைகளே, நான் பொய் சொல்லவில்லை. வலை என் ஞாபகத்தில் இல்லை. இது நான் அறிந்து சொன்ன பொய்யாக இருந்தால்கூட இவ்வளவு பயம் வராது. பொய் என்றால் நெஞ்சு குத்தும். இது குத்தவில்லை.

அவர் கையெழுத்து வைத்து, எஞ்சின் மூடியில் ஓர் அடையாளக் கடதாசியும் ஒட்டினார். அதைக் கிழித்து மூடியைத் திறந்தால் அவர் திரும்ப வந்து பார்த்துத்தான் பறக்க விடுவார். அவர் திரும்ப வர வாரக்கணக்காகும். அதற்குள் கச்சான் காற்றுத் தொடங்கிவிடும், பிறகு நாலைந்து மாதம் அந்தக் கரையில் சின்ன விமானத்தை எடுக்கவே முடியாது. ஆகவே அடுத்த நாள் பின்னேரம் பறப்பது என்று முடிவானது. ஓடுபாதை கடலைப் பார்த்து முடியும். ஏறினால் கடலுக்கு மேலால் ஒரு வட்டம், பிறகு இறக்கம். சேவியர் தனியாகத்தான் போவார். என்னையும் வரச் சொன்னார். கராஜில் வேலை இருக்கிறது, முடிந்தால் வருகிறேன் என்றேன்.

மறுநாள் பகல் லுஹர் தொழுது வந்து நிற்கிறேன், கரைத்தீவு ஜவ்பர் நானா ட்ரக்டரை ஆவி பறக்கக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“நானா, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஈந்திச்சி. இண்டைக்குப் பாருங்க, கேத்தல் மாதிரி கொதிக்குது.”

முன்னால் குனிந்து பார்த்தேன். நான் போன வருடம் வைத்த வலை. அதில் மண்ணும் வைக்கோலும் சேர்ந்து சாணித்தட்டு மாதிரி ஒட்டிப்போயிருந்தது.

“வலையக் கழுவவே இல்லையா ஜவ்பர் நானா?”

அவர் என்னைப் பார்த்தார். “வலையா? என்ன வலை?”

கையில் இருந்த திருப்புளியை நான் கீழே வைத்தது ஞாபகம் இருக்கிறது. சேவியரின் கூலரில் வைத்த வலை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “ட்ரக்டர இஞ்சயே விடுங்க” என்று சொல்லிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தேன். “எனக்கு மிளகாய்க்குத் தண்ணி கட்டணும் நானா!” என்று அவர் பின்னால் கத்தினார்.

சேவியருக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. மெர்லினுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. உப்பளங்களைத் தாண்டிப் பாலாவிச் சந்திக்கு வந்ததும் திரும்ப அழைத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது.

உம்மாவுக்குச் சொல்லாத விஷயம் இதுதான். பாலாவிச் சந்தியில் நான் மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன். தில்லையடிப் பக்கம் திருப்பினேன்.

தலைக்குள் ஒரு ஆள் பேசிக்கொண்டே இருந்தான். முந்தாநாள் எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது சூடு சரியாகத்தானே இருந்தது? புது வலைதானே? ஒரு துண்டு வலை ட்ரக்டரையே ஒரு வருடம் ஓட விட்டிருக்கிறது, இவர் போவது பத்து நிமிடம். நீ போய் நிறுத்தினால் அடையாளத்தைக் கிழிக்க வேண்டும். அந்த மனிதனுடைய நாலைந்து மாதம் போகும். உள்ளே வலை சுத்தமாக இருந்தால் என்ன சொல்வாய்? பரிசோதகர் கேட்டதற்கு என்ன சொன்னாய்? நாளைக்கு மாம்புரி முழுக்கத் தில்லையடி நானாவின் கதைதான்.

வழியில் ஒரு கடையில் பிளேன்டீ வாங்கினேன். இரண்டு வாய்தான் இறங்கியது. ஜவ்பர் நானாவின் ட்ரக்டர் கொதித்தபோது அவர் என்ன செய்தார் என்று யோசித்தேன். ஓரமாக நிறுத்தினார், ஆறவிட்டார், ஏசிக்கொண்டு திரும்ப ஓட்டி வந்தார். சேவியர் எங்கே நிறுத்துவார்? கடலுக்கு மேல் ஓரம் கிடையாது.

தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பவும் கற்பிட்டி ரோட்டில் ஏறினேன். அந்த இரண்டு வாய்த் தேத்தண்ணீருக்குப் போன நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது விமானம் ஓடுபாதையின் தலைப்பில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தேவாலயத்துச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டு ஒதுங்கி நின்றார். பக்கத்து வீட்டார், வள்ளக்காரர், மிளகாய்த் தோட்டத்தில் இருந்து வந்தவர்கள் என்று ஒரு சனம். நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே ஓடுபாதைக்குள் இறக்கி விமானத்துக்கு முன்னால் போய் நின்றேன். சனம் கூக்குரல் போட்டது. சேவியர் எஞ்சினை நிறுத்தினார்.

“நானா, உங்களுக்கென்ன விசரா? விசிறி சுத்துது, முன்னுக்கு வந்து நிக்கிறீங்க!”

“கூலருக்கு முன்னால ஒரு வலை வச்சீக்கேன். அதை எடுக்கணும்.”

“என்ன வலை?”

ஒரே நாளில் இரண்டாவது தடவை அந்தக் கேள்வி.

“இறால் வலை. ட்ரக்டருக்கு வைக்கிறது.”

அவர் இறங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே மெதுவாகக் கேட்டார். “அதால பிழை வரும் எண்டு தெரிஞ்சு சொல்றீங்களா, இல்ல சும்மா பயத்தில சொல்றீங்களா? இந்த மூடியைத் திறந்தா எனக்குக் கச்சான் முடியிற வரைக்கும் பறக்கிறது இல்ல. தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்ப சொல்லுங்க. வலை அடைச்சிருக்கா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “ஓம்” என்று சொல்லியிருந்தால் லேசாக முடிந்திருக்கும். “இல்லை” என்றாலும் முடிந்திருக்கும்.

“தெரியா சேவியர். அடைச்சீக்கலாம், சுத்தமாயும் ஈக்கலாம். நீங்க திறந்து பார்த்து, ஒண்டும் இல்லாம ஈந்தா, எனக்கு என்ன வேணுமெண்டாலும் ஏசுங்க. ஆனா எனக்குத் தெரியாத சாமானோட உங்கள அந்தத் தண்ணிக்கு மேலால அனுப்ப எனக்கு ஏலாது.”

பிறகு அவர் இறங்கி வந்து பரிசோதகரின் அடையாளத்தைத் தன் கையாலேயே கிழித்தார். அந்தக் கடதாசி கிழிந்த சத்தம் எனக்குத் துணி கிழிவது போலக் கேட்டது.

மூடியையும் கூட்டையும் கழற்றினோம். வலை நான் வைத்த இடத்தில் இல்லை. எஞ்சினை ஓட்டி நிறுத்திய ஒவ்வொரு தடவையும் உள்ளே ஏறிய சூட்டில் அது சுருங்கி, ஒரு பக்கம் சட்டத்திலிருந்து கழன்று, மடிந்து, கூலரின் கீழ்ப்பாதியில் ஒட்டியிருந்தது. ஓடுபாதையில் ஓட்டிப் பார்த்தபோது இழுத்த சவுக்கு இலை அந்த மடிப்புக்குள் நிறைந்து போயிருந்தது. காற்றுப் போக மீதி இருந்தது பாதி.

சேவியர் அதை இரண்டு விரலால் இழுத்து எடுத்தார். “நேத்து சூடு கொஞ்சம் கூடத்தான் காட்டினது” என்றார், யாரையும் பார்க்காமல். “வெயில் எண்டு நினைச்சன்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“எல்லா வாகனத்துக்கும் வைக்கிறது. சொல்றது இல்ல.”

“எனக்கு நல்லது செய்யிறதெண்டா என்னைக் கேட்டுச் செய்யுங்க நானா.”

மெர்லின் ஒரு போத்தல் தண்ணீரோடு வந்தாள். “குடுக்காத அவருக்கு” என்றார் சேவியர். அவள் கேட்கவில்லை. “ஓடி வந்த மனிசன். நீங்க ஏசுறதுக்காவது அவர் உசிரோட இருக்கணுமே” என்று என் கையில் தந்தாள். சனத்தில் யாரோ சிரித்தார்கள். சேவியர் சிரிக்கவில்லை.

பரிசோதகருக்கு அன்றே அழைத்து நானே சொன்னேன். அவர் ஏசவில்லை. “கூட ஏதாவது சேர்த்தீங்களா எண்டு நான் கேட்டது ஞாபகமா?” என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கச்சான் வந்தது. சேவியர் அழைக்கவில்லை. அந்த மாதங்களில் நான் எந்த வேலையை முடித்தாலும் திரும்பப் போய் மூடியைத் திறந்து பார்த்தேன். நீங்கள் இருவரும் “வாப்பாவுக்கு மறதி வந்திட்டுது” என்று குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. மறதி இல்லை, அதற்கு நேர்மாறு.

காற்று ஓய்ந்த பிறகு ஒருநாள் தொலைபேசி அடித்தது. “நானா, கூட்டைத் திரும்பப் பூட்டணும். நீங்களே வாங்க. சும்மா கையோட வாங்க” என்றார். போனேன். பூட்டும்போது அவர் சாப்பிடப் போகவில்லை, பக்கத்திலேயே நின்றார். பரிசோதகர் வந்தார், கூட்டுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தார், கையெழுத்து வைத்தார். விமானம் பறந்தது. ஊரே கைதட்டியது. நான் மேலே பார்க்கவில்லை. எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று நிலத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு நின்றேன். சக்கரம் நிலத்தில் பட்ட பிறகுதான் தலை நிமிர்ந்தேன். அதைத்தான் தில்லையடியில் கதையாகச் சொல்கிறார்கள்.

எனக்கு ஞாபகத்தில் நிற்பது அது இல்லை. சேவியர் அடையாளத்தைக் கிழித்த அந்த நாள்தான். அன்று மாம்புரியிலிருந்து நான் கராஜுக்குத் திரும்பியபோது மஃரிபுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஜவ்பர் நானாவின் ட்ரக்டர் மட்டும் முற்றத்தில் நின்றது. தொழுதுவிட்டு வந்து அதன் வலையைக் கழற்றினேன். குழாயடியில் வைத்துக் கழுவினேன். சுத்தமான வலையைத் திரும்பக் கட்டினேன், ஏனென்றால் ட்ரக்டருக்கு அது தேவைதான். பிறகு பலகைத் தட்டில் மிச்சம் கிடந்த மஞ்சள் பெயின்ட் டப்பாவைத் திறந்து, மெல்லிய தூரிகை ஒன்றைத் தேடி எடுத்து, ரேடியேட்டரின் தலையில், மூடியைத் திறப்பவர் கண்ணில் படும் இடத்தில் எழுதினேன்: ‘உள்ளே வலை இருக்கிறது. கழுவவும்.’

என் எழுத்து எப்போதும் கோணல். ஆனால் வாசிக்கலாம். கடலிலிருந்து மணல் காற்று வந்துகொண்டிருந்தது. ஈரப் பெயின்ட்டில் மணல் ஒட்டி எழுத்து மறைந்துவிடக்கூடாது என்று, காயும்வரை ஒரு காட்போட் மட்டையைப் பிடித்து அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.